குடத்துக்கு ஒரு காப்பு

வாடகை சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. மிதித்துக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரத்தில் ‘டிங்’ என்று ஒன்று கேட்கும். அடுத்த சுற்றிலிருந்து சக்கரம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உரச ஆரம்பிக்கும். தள்ளிக்கொண்டு கடைக்குப் போனால், கடைக்காரர் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு நேராக நடுவில்தான் கை வைப்பார். ஸ்போக்ஸ் கம்பி பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும். நீளமான கம்பியின் நடுவில் இல்லை. அது வளைந்து சக்கரத்தின் மையத்துக்குள் நுழைகிற மூலையில்.

கம்பி முழுக்க ஒரே எஃகு, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். பள்ளத்தில் விழுந்து அடி வாங்குவது வெளியே இருக்கிற ரிம். அப்படியிருக்க, அடியே படாத உள்மூலையில் ஏன் அறுகிறது?

பல வருடம் கழித்து இந்தக் கேள்வி எனக்கு மறுபடி வந்தது லண்டனில். தேம்ஸ் நதியின் தென்கரையில் குயின் எலிசபெத் ஹால் என்று ஓர் இசை அரங்கம் இருக்கிறது. அதன் கீழே, தூண்களுக்கு நடுவே, திறந்த கான்கிரீட் வெளி. 1970-களிலிருந்து ஸ்கேட்போர்டு ஓட்டுகிறவர்களும் பி.எம்.எக்ஸ் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் அதைத் தங்கள் இடமாக வைத்திருக்கிறார்கள். 2013-ல் அங்கே கடைகள் கட்டத் திட்டம் வந்தபோது போராடி, அடுத்த ஆண்டே அந்த இடத்தை மீட்டுக்கொண்டார்கள். என் அக்கா மகனின் சனிக்கிழமைகள் அங்கேதான் கழிகின்றன.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் வேகமாக வந்து, சைக்கிளோடு எம்பி, இடுப்பைவிடச் சற்றே தாழ்வான ஒரு கான்கிரீட் திண்ணையின் விளிம்பில் இறங்கினான். சக்கரம் உருளவில்லை. அச்சின் நுனியில் இருந்த ஒரு குழாய் விளிம்பில் உட்கார, சைக்கிள் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. சக்கரத்தின் மையமும் கம்பிகளும் கான்கிரீட் விளிம்பை ஒட்டியே போயின. எனக்கு அந்தப் பழைய ‘டிங்’ காதில் விழப்போகிறது என்று தோன்றியது. விழவில்லை.

“கம்பி ஒன்றும் அறுகாதாடா?” என்றேன்.

“இது இருக்குல்ல மாமா,” என்று பின்சக்கரத்தின் நடுவைத் தட்டிக் காட்டினான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்புத் தட்டு. நடுவில் ஓட்டை, ஓரம் சற்றே குழிந்து, சக்கரத்தின் மையத்தை மூடிபோல அணைத்துக்கொண்டிருந்தது. அதன் முகமெல்லாம் கீறல். ஹப் கார்டு என்றான்.

ஹப் என்பதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் எல்லாம் வந்து சேரும் உருண்டைக் கட்டையைத் தச்சர்கள் குடம் என்பார்கள். அதனால் இந்தத் தட்டைக் குடக்காப்பு என்று அழைக்கலாம். காவல் என்ற பொருளும் கையில் போடும் வளையம் என்ற பொருளும் காப்பு என்ற சொல்லில் இருக்கின்றன. இங்கே இரண்டுமே பொருந்துகின்றன. அச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை பெக் என்கிறார்கள், நான் முளை என்று சொல்கிறேன். முளையால் விளிம்பில் வழுக்கிப் போவது கிரைண்ட். நம் சமையலறை கிரைண்டரில் இருக்கிற அதே சொல்தான்.

பி.எம்.எக்ஸ் சைக்கிள் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்தது. 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் அங்கிருந்த சிறுவர்கள், மண்பாதையில் பறக்கும் மோட்டார் சைக்கிள் வீரர்களைப் பார்த்து, 20 அங்குலச் சக்கரம் வைத்த தங்கள் சைக்கிள்களில் அதையே செய்து பார்த்தார்கள். ‘ஆன் எனி சண்டே’ என்ற 1971-ம் ஆண்டு ஆவணப்படம் அப்படிப்பட்ட சிறுவர்களோடுதான் தொடங்குகிறது. மண்பாதைப் பந்தயம் 2008-ல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. வளைந்த மேடைகளில் ஏறி வித்தை காட்டும் பிரிவு டோக்கியோவில் சேர்ந்தது. படிக்கட்டுக் கைப்பிடியிலும் திண்ணை விளிம்பிலும் வழுக்கும் தெரு ஓட்டம் இன்னும் தெருவில்தான் இருக்கிறது. குடக்காப்பு அந்தத் தெருவுக்குரிய பொருள்.

திண்ணை விளிம்பில் அக்கா மகன் செய்ததன் பெயர் ஃபீபிள் கிரைண்ட். பின்முளை விளிம்பில் வழுக்கும். முன்சக்கரம் திண்ணையின் மேலே உருண்டுகொண்டிருக்கும். அதனால் சைக்கிள் விளிம்புக்கு நேராக இருக்காது, குறுக்காகச் சாய்ந்து போகும். பின்சக்கரம் திண்ணைக்கு வெளியே தொங்க, அதன் நடுப்பகுதி கோணலாகத் திண்ணைச் சுவரைப் பார்த்திருக்கும். முளையின் அடியில் ஓடும் கான்கிரீட் விளிம்பு அந்தக் கோணத்தினால் குடத்தை நோக்கி நகரப் பார்க்கும். இறங்கும்போது குறி ஓரிரு விரற்கடை தப்பினாலோ, விளிம்பு முளையில் உட்காருவதற்கு முன்பே குடத்தின் ஓரத்தில் வந்து மோதும்.

அந்த ஓரத்தை நெருங்கிப் பார்க்கவேண்டும். பி.எம்.எக்ஸ் சக்கரத்தில் பெரும்பாலும் 36 கம்பிகள். குடத்தின் இரு பக்கமும் தட்டுப்போல ஒரு விளிம்பு, ஒவ்வொன்றிலும் 18 ஓட்டைகள். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கம்பிகள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் நுழைகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்பது இடத்தில் ஆணித்தலை போன்ற கம்பித் தலை தெரியும். நடுநடுவே ஒன்பது இடத்தில், உள்ளிருந்து வந்த கம்பி முழங்கைபோல மடங்கித் திரும்பும் வளைவு தெரியும். கான்கிரீட் விளிம்பு இழுத்துக்கொண்டு போவது இந்தத் தலைகளின் மேலேயும் முழங்கைகளின் மேலேயும்தான்.

கொஞ்சம் கீறினால் என்ன ஆகிவிடும்? அதற்கு, கம்பி சக்கரத்தில் என்ன வேலை செய்கிறது என்று தெரியவேண்டும்.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் கணக்கு எளிது. குடத்துக்குக் கீழே இருக்கும் ஆரக்கால் தூண்போல நின்று பாரத்தைத் தாங்குகிறது. அதனால்தான் அது அவ்வளவு பருமன். சைக்கிள் கம்பியால் தூண்போல நிற்கவே முடியாது. ஒரு கம்பியைத் தனியே எடுத்துத் தரையில் ஊன்றி அழுத்தினால் உடனே வளைந்துவிடும். ஆனால் இழுத்துப் பார்த்தால் அசையாது. சக்கரத்தைக் கட்டும்போதே எல்லாக் கம்பிகளையும் முறுக்கி விறைப்பாக்கிவிடுகிறார்கள். நல்ல சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் 100 கிலோ எடையைத் தொங்கவிட்ட கயிறு மாதிரி விறைத்திருக்கும். மெல்லிய கம்பிகளை இழுவிசையில் வைத்தே பாரம் தாங்கும் சக்கரம் செய்யலாம் என்ற யோசனையை 1808-லேயே இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அவருக்கு அது பறக்கும் இயந்திரத்துக்குத் தேவைப்பட்டது.

அப்படியானால் ஆள் ஏறி உட்கார்ந்ததும் என்ன நடக்கிறது? மேலே உள்ள கம்பிகளில் குடம் தொங்குகிறது, அவற்றின் விறைப்பு கூடும் என்றுதான் முதலில் தோன்றும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சைக்கிளை நிறுத்தி, தரைக்கு நேர்மேலே இருக்கும் கம்பியை விரலால் வீணைத் தந்திபோல மீட்டுங்கள். இப்போது யாரையாவது சீட்டில் உட்காரச் சொல்லி, அதே கம்பியை மீண்டும் மீட்டுங்கள். சுருதி இறங்கியிருக்கும். மேலே உள்ள கம்பிகளின் சுருதியில் மாற்றம் அநேகமாகத் தெரியாது. தந்தி தளர்ந்தால் சுருதி இறங்கும் என்பது வீணைக்கு மட்டுமான விதி இல்லை. ஆக, பாரம் ஏறும்போது தரையை ஒட்டியுள்ள சில கம்பிகள் தங்கள் விறைப்பில் கொஞ்சத்தை இழக்கின்றன. மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதைக் கணினியில் கம்பி கம்பியாகக் கணக்கிட்டு, சைக்கிள் சக்கரத்துக்கென்றே 1981-ல் ஒரு புத்தகம் எழுதினார். விரலுக்குக் கேட்ட அதே விடைதான் அவருடைய கணக்கிலும் வந்தது.

சக்கரம் உருளும்போது ஒவ்வொரு கம்பியும் முறை வைத்துக் கீழே வருகிறது. வரும்போது தளர்கிறது, கடந்ததும் மறுபடி விறைக்கிறது. 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.6 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 600 தடவைக்கு மேல் இந்தத் தளர்வும் விறைப்பும். 160 கிலோமீட்டர் ஓடினால் ஒரு லட்சம் தடவை.

கட்டுக்கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாதவர்கள் என்ன செய்கிறோம்? முன்னும் பின்னும் பத்து தடவை மடக்குகிறோம், அறுந்துவிடுகிறது. ஒரு தடவையில் அறுக்க முடியாத விசை, திரும்பத் திரும்ப வரும்போது அறுத்துவிடுகிறது. உலோகத்தின் இந்தக் குணத்தை அயர்வு என்கிறோம். 19-ம் நூற்றாண்டில் ரயில் பெட்டிகளின் அச்சுகள், தாங்கவேண்டிய பாரத்தைத் தாண்டாமலேயே திடீரென்று முறிந்தன. ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் 1850-களிலிருந்து பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழலவிட்டு, எத்தனை விசைக்கு எத்தனை சுற்றில் முறிகிறது என்று பொறுமையாக அளந்தார். விசை குறையக் குறைய ஆயுள் கூடிக்கொண்டே போவது அதில் தெரிந்தது.

அறுந்த கம்பியின் முறிவு முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இந்தக் கதை அங்கேயே எழுதியிருக்கும். ஒரே இழுப்பில் அறுந்த கம்பி நுனியில் மெலிந்து, நூல் அறுந்ததுபோல் இருக்கும். அயர்ந்து அறுந்தது அப்படி மெலிவதில்லை. ஓரத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து கடற்கரையில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வளைவு வளைவாக வரிகள். கடைசியில் சொரசொரப்பான ஒரு சிறு பகுதி. விரிசல் அந்தப் புள்ளியில் பிறந்து, நாள்கணக்கில் மெல்ல மெல்ல நகர்ந்து, மிச்சமிருந்த உலோகத்தால் தாங்க முடியாதபோது ‘டிங்’. நாம் கேட்ட சத்தம் கடைசி நொடிக்குரியது. முறிவு தொடங்கி வெகுநாள் ஆகியிருக்கும்.

அந்தப் புள்ளி எங்கே பிறக்கும் என்பதை ஜவுளிக்கடைக்காரரைக் கேட்கலாம். முழத்துக்கு அளந்த துணியைக் கையால் கிழிக்க முயன்றால் வராது. அவர் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டு வைப்பார், அப்புறம் ‘சர்ர்’ என்று நேர்கோட்டில் கிழியும். துணியின் அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட அவர் வெட்டவில்லை. ஆனால் இழுவிசை துணி முழுக்கப் பரவாமல், வெட்டின் கூர்முனையில் இருக்கும் ஒன்றிரண்டு நூல்களின் மேல் வந்து குவிந்துவிட்டது. 1913-ல் கேம்பிரிட்ஜ் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் உலோகத் தகட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டார். தகட்டில் ஒரு வட்ட ஓட்டை இருந்தால் அதன் விளிம்பில் விசைச்செறிவு மூன்று மடங்கு. ஓட்டை ஒடுங்கி வெட்டுப்போல ஆக ஆக, முனை கூர்மையாக ஆக ஆக, அது எத்தனை மடங்குக்கும் ஏறும். வெட்டின் நீளத்தைவிட முனையின் கூர்மைதான் அதிகம் கெடுதல் செய்கிறது.

இப்போது கடைக்காரர் கை வைத்த மூலைக்குத் திரும்பலாம். முழங்கை வளைவில் கம்பி ஏற்கெனவே மடக்கப்பட்ட உலோகம். இழுவிசை அங்கே நேராகப் போக முடியாமல் திரும்பவேண்டியிருக்கிறது; வளைவின் ஓரத்தில் குவிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குடத்தின் ஓட்டைக்குள் கம்பி மயிரிழை அளவு அசைகிறது. கீறலே இல்லாமல்கூட விரிசல் பிறக்கத் தோதான இடம் அதுதான். அந்த வளைவின் மேலேயே கான்கிரீட் விளிம்பு ஒரு கூர்மையான கீறலைப் போட்டால், ஜவுளிக்கடைக் கத்தரிக்கோல் வேலை செய்துவிட்டது. மிச்சத்தை ஓட்டமே முடித்துக்கொள்ளும்.

அதனால் குடக்காப்பு பெரிய அடியைத் தாங்கும் கேடயம் என்று நினைப்பது பாதி உண்மைதான். மோதலை அது ஓரளவு வாங்கிக்கொள்ளும். ஆனால் அதன் முதல் வேலை, சக்கரத்திலேயே கீறல் படக்கூடாத ஒரே இடத்தில் கீறல் படாமல் பார்த்துக்கொள்வது.

சரி, அப்படி ஒரு காவலை எதனால் செய்வது? எஃகுக் கம்பியைக் காக்க எஃகுத் தட்டு என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எஃகிலும் அலுமினியத்திலும் குடக்காப்புகள் உண்டு. ஆனால் அக்கா மகனுடையது பிளாஸ்டிக். நகத்தால் அழுத்திக் கீறினால் தடம் தெரியும். கம்பியைவிட மென்மையான பொருள் கம்பியைக் காப்பது எப்படி? அதோடு, எஃகைவிட அது நன்றாக வழுக்குகிறது என்று அவன் சொன்னது எனக்கு இன்னும் விசித்திரமாக இருந்தது.

உராய்வு பற்றிய அறிவு ஒரு வினோதமான உண்மையில் தொடங்குகிறது. ஒரு செங்கலைப் படுக்கவைத்து இழுத்தாலும், நிறுத்திவைத்து இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே விசைதான் வேண்டும். தொடும் பரப்பு மாறினாலும் உராய்வு மாறுவதில்லை. எடை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும். லியோனார்டோ டாவின்சியின் குறிப்பேடுகளில் இது இருக்கிறது. அவை வெளியே தெரியாமலிருந்த காலத்தில், 1699-ல் பிரான்சின் கியோம் அமொந்தோன் இதைத் தானாகக் கண்டுபிடித்து அறிவித்தார். ஏன் என்பதற்கு ஒழுங்கான பதில் கிடைக்க இன்னும் இருநூறு ஆண்டுகளுக்குமேல் ஆனது.

பதிலைத் தந்தவர்கள் கேம்பிரிட்ஜில் வேலை செய்த பிலிப் பௌடனும் டேவிட் டேபரும். இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்தால் எத்தனை இடத்தில் தொடும்? சில முள் நுனிகளில் மட்டும். நாம் மழமழப்பு என்று நினைக்கும் எந்த உலோகப் பரப்பும் நுண்ணளவில் பலாப்பழத் தோல்தான். ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டை வைத்தால், கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிக மிகச் சிறு பங்குதான் நிஜமாகத் தொடுகிறது.

இதை எப்படி அறிந்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு தட்டும் அழுந்தியிருக்கும்போது நடுவே எட்டிப்பார்க்க வழியில்லை. அவர்கள் இரண்டு உலோகத் துண்டுகளின் வழியே மின்சாரம் பாய்ச்சினார்கள். மின்சாரம் நிஜமாகத் தொடும் இடத்தில் மட்டும்தான் கடக்கும். அகலமான சாலை குறுகிய பாலமாக ஒடுங்கும்போது வண்டிகள் தேங்குவதுபோல, தொடும் இடம் குறைவானால் தடை அதிகமாகும். தடையை அளந்து தொடும் பரப்பைக் கணக்கிட்டார்கள். பாரம் கூடினால் நிஜத் தொடுபரப்பு கூடியது. தட்டின் அளவை மாற்றினால் மாறவில்லை. படுத்த செங்கலும் நின்ற செங்கலும் ஏன் ஒன்றுபோல் இழுபடுகின்றன என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. எடையைத் தாங்கப் போதுமான அளவுக்கு நுனிகள் நசுங்கும். அதற்குமேல் நசுங்காது.

அந்த நசுங்கிய நுனிகளில், அழுத்தத்தினால் இரு பரப்பும் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்கின்றன. நகரவேண்டுமானால் அந்த ஒட்டுகளைப் பிய்க்கவேண்டும். உராய்வு என்று நாம் உணர்வது பெரும்பகுதி இந்தப் பிய்ப்புதான். எஃகுமேல் எஃகு சுத்தமாக இருந்தால் ஒட்டுகள் உறுதியானவை. எடையில் பாதி அளவுக்கோ அதற்கு மேலோ விசை கொடுத்தால்தான் நகரும். பிய்யும்போது எஃகுத் துணுக்குகளும் சேர்ந்து பிய்ந்து வரும். நைலான் போன்ற பிளாஸ்டிக்கின் நுனிகள் மென்மையானவை என்பதால் அதிகம் நசுங்கும், தொடுபரப்பு பெரிதாகும். ஆனால் அந்த ஒட்டுகள் அத்தனை பலவீனமானவை, தள்ளினால் வழுகிவிடும். பரப்பு கூடியதால் வந்த நட்டத்தைவிட, பிய்ப்பது எளிதானதால் வந்த லாபம் பெரிது. எடையில் ஐந்தில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவிலேயே நகர ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றும் நடக்கிறது. பிய்யும் பிளாஸ்டிக் எதிர்ப் பரப்பில் மெல்லிய பூச்சாகப் படிகிறது. இதைப் படிவுப் படலம் என்று சொல்லலாம். பலகையில் ஒரே இடத்தில் சாக்பீஸைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால், கொஞ்ச நேரத்தில் பலகைமேல் தேயாமல் சாக்பீஸ்மேலேயே தேய்வதுபோல. படிக்கட்டுக் கைப்பிடிக் குழாய்களில் கறுப்புக் கறுப்பாக நீளும் கோடுகள் அப்படிப் படிந்தவைதான். சொரசொரப்பான கான்கிரீட் விளிம்பில் இந்தப் படலம் போதாது, மணல் நுனிகள் பிளாஸ்டிக்கைச் சீவிவிடும். அதற்குத்தான் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் விளிம்பில் மெழுகு தேய்க்கிறார்கள். இறுகிப்போன மேஜை இழுப்பறையின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் திறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

வழுக்கும்போது சூடேறாதா என்று கேட்கத் தோன்றும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, 3 மீட்டர் தூரம் வழுக்குவதாக வைத்துக்கொண்டால், பிறக்கும் மொத்த வெப்பத்தையும் ஒரு தம்ளர் தண்ணீரில் கொட்டினாலும் தண்ணீர் ஒரு டிகிரிகூடச் சூடேறாது. ஆனால் அந்த வெப்பம் தம்ளரில் பரவுவதில்லை. நசுங்கிய நுனிகளில் பிறக்கிறது. பௌடன் இதையும் மின்சாரத்தாலேயே அளந்தார். இரு வேறு உலோகங்கள் தொடும் இடம் சூடானால் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். உரசும் இரு உலோகங்களையே வெப்பமானியாக்கி, உரசும் நுனிகளின் வெப்பத்தைப் படித்தார். வேகம் கூடக்கூட வெப்பம் ஏறியது. இரண்டில் எளிதில் உருகும் உலோகத்தின் உருகுநிலையைத் தொட்டதும் நின்றுவிட்டது. கான்கிரீட்மேல் எஃகு முளை உரசும்போது பொறி பறப்பதன் பின்னால் இருப்பது இதே கணநேரச் சூடுதான்.

ஆக மென்மைதான் இங்கே காவல். விளிம்பு பிளாஸ்டிக்கைக் கவ்வாமல் வழுகுகிறது. கீறல் விழுந்தாலும் பிளாஸ்டிக்கில் விழுகிறது. பல்லாயிரம் தடவை விறைத்துத் தளரும் வேலை அதற்கு இல்லை, அதனால் அந்தக் கீறலால் கேடில்லை.

ஆனால் பிளாஸ்டிக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. அதைப் பொருத்தும்போதுதான் தெரிந்துகொண்டோம்.

சனிக்கிழமை இரவு அக்கா வீட்டுக் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டோம். புதுக் காப்பு ஒன்று வாங்கி வைத்திருந்தான். முளைக்குள் ஆழத்தில் இருக்கும் நட்டைக் கழற்ற நீளமான 17 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். பின் அச்சு 14 மில்லிமீட்டர் தடிமன். முளை வந்தது, சக்கரம் சட்டத்திலிருந்து இறங்கியது. அச்சில் குடத்தை ஒட்டி, கோன் என்ற உலோகத் துண்டு. அதற்கு வெளியே காப்பு, அதற்கு வெளியே அச்சு உட்காரும் சைக்கிள் சட்டத்தின் வாய், அப்புறம் முளை, முளைக்குள் நட்டு. இந்த வரிசையில் எல்லாவற்றையும் நட்டு ஒன்றுதான் இறுக்கிப் பிடிக்கிறது.

பழைய காப்பு முழுக்கப் பிளாஸ்டிக். அதைக் கையில் எடுத்ததும் அதன் நடுப்பகுதி, நட்டின் அழுத்தத்தில் பள்ளமாக அமுங்கியிருந்தது தெரிந்தது. வாராவாரம் நட்டு தளர்ந்துவிடுகிறது என்று அவன் புலம்பியதற்குக் காரணம் அதுதான். நைலான் கயிற்றுக் கட்டில் வாங்கிய வீட்டில் இது தெரிந்த விஷயம். கட்டிய அன்று விறைப்பாக இருக்கும். யாரும் குதிக்காமலேயே, வெறும் பாரத்தில், மாதக்கணக்கில் தொய்ந்துகொண்டே போகும். பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் தொடர்ந்த அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல நழுவுகின்றன. இதை ஊர்தல் என்பார்கள். நட்டின் பிடி பிளாஸ்டிக்மேல் இருந்தால் ஊர்ந்து ஊர்ந்து பிடி போய்விடும். புதுக் காப்பின் நடுவில் உலோக வளையம் ஒன்று பதித்திருந்தது. நட்டின் அழுத்தம் கோனிலிருந்து சட்டம் வரை உலோகம் வழியாகவே போகும். பிளாஸ்டிக் சும்மா சுற்றிலும் நிற்கும். இரண்டு வகையும் கிடைக்கும் என்றால், உலோக நடு வைத்ததையே வாங்கச் சொல்வேன்.

மாட்டி இறுக்கினோம். சக்கரத்தைச் சுழற்றினால் அரைச் சுற்றில் நின்றுவிட்டது.

காரணம் எளிது. குடத்துக்குள் இருக்கும் பேரிங்கில் இரண்டு வளையங்கள். உள்வளையம் அச்சோடு நிற்கிறது; வெளிவளையம் குடத்தோடு சுற்றுகிறது. திரிகையில் நடு முளை நிற்க, மேல்கல் சுற்றுவதுபோல. காப்பு நிற்கும் பக்கத்தைச் சேர்ந்தது. அது கோனையும் சட்டத்தையும் மட்டும்தான் தொடவேண்டும், சுற்றும் குடத்தை எங்கேயும் தொடக்கூடாது. காப்போடு வந்த மெல்லிய வாஷரை நாங்கள் டப்பாவிலேயே விட்டிருந்தோம். அந்த ஒரு மில்லிமீட்டர் இல்லாததால் காப்பின் குழிந்த ஓரம் கம்பித் தலைகளின்மேல் போய் உட்கார்ந்திருந்தது. எதைக் காக்க வந்ததோ அதையே தேய்த்துக்கொண்டிருந்தது.

காப்பைக் குடத்தோடு சேர்த்துச் சுற்றவிட்டால் என்ன என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. அப்படியிருந்தால் விளிம்பு காப்பைத் தொட்டதும் வழுக்குவதற்குப் பதில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும், அல்லது சுழல்கிற சக்கரம் விளிம்பை உதைத்துத் தள்ளும். அடியெல்லாம் பேரிங் வழியாகப் போகும். நிற்கும் காப்பில் விழும் அடி, சுற்றும் பாகம் எதையும் தொடாமல் அச்சுக்கும் சட்டத்துக்கும் போய்விடுகிறது.

வாஷர் போட்டு மறுபடி மாட்டினோம். காப்புக்கும் கம்பித் தலைகளுக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி; மோதலில் காப்பு உள்ளே அமுங்க அவ்வளவாவது வேண்டும். அதிகமாகவும் விடமுடியாது. பின் சட்டத்தின் வாய்களுக்கு நடுவே 110 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. எந்தக் குடத்துக்கும் பொருந்தும் என்று விற்கும் காப்பைச் செருகினால் அந்தக் கனத்துக்குச் சட்டத்தை விரிக்கவேண்டியிருக்கும். குறிப்பிட்ட ஹப்புக்கென்றே செய்த காப்பில் கோனின் இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும், மொத்த அகலம் மாறாது. சங்கிலிப் பக்கத்துக்குத் தனிக் காப்பு. அது 9 பல் பற்சக்கரத்தையும் சங்கிலியையும் தாண்டி வெளியே நிற்கவேண்டும் என்பதால் இன்னும் நுணுக்கமான வேலை. வலப்பக்கமாகவே வழுக்கிப் பழகியவர்களில் சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சங்கிலியை இடப்பக்கம் வைத்த ஹப்பை வாங்கிவிடுகிறார்கள்.

நட்டை முழுக்க இறுக்குவதற்கு முன் அவன் பழைய காப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினான். ஒரு பக்கத்தில் மட்டும் ஓரம் தட்டையாகத் தேய்ந்து, கம்பி தெரியப்போகும் அளவுக்கு மெலிந்திருந்தது. மற்ற முக்கால் பாகமும் புதிதுபோல. காப்பு சுற்றாது என்பதால் விளிம்பைச் சந்திப்பது எப்போதும் அதன் அடிப்பக்கம் மட்டும்தான்.

“கால் சுற்று திருப்பி வச்சிருந்தா இன்னும் ஆறு மாசம் வந்திருக்கும் மாமா,” என்றான். புதுக் காப்பின் ஓரத்தில் வெள்ளை மையால் 1, 2, 3, 4 என்று நான்கு பக்கமும் எழுதி, 1 தரையைப் பார்க்கும்படி திருப்பி, நட்டை இறுக்கினான். பிறகு சக்கரத்தை மெல்ல உருட்டியபடி கம்பி கம்பியாக மீட்டிக்கொண்டே வந்தான், எதிலாவது சுருதி இறங்கியிருக்கிறதா என்று. இருபத்து மூன்றாவதில் நிறுத்தி, இன்னொரு முறை மீட்டி, ஸ்போக்ஸ் சாவியை எடுத்தான்.